வெறும் வயிற்றில்

பெட்ஃபோர்ட் தாண்டி மூன்றாவது வளைவு.
காலை ஆறரை.
தேயிலைக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே
யாருக்கோ காத்திருப்பதுபோல் ஒரு காட்டெருமை நின்றதால்
பத்து நிமிஷம் தாமதம்.
"எருமையா?" என்றார் கதவைத் திறந்தபடி.
"நாலு நாளா அதுதான் எனக்கு வாட்ச்மேன்."

குப்பியில் ஒட்டும் சீட்டில்
ஆர். துளசிபாய், 79, பெண் என்று எழுதுகிறேன்.
நீலரேகா என்று எழுதினால் கணினி ஏற்காது.

ரப்பர் பட்டையைக் கட்டி
முழங்கை மடிப்பைத் தட்டித் தட்டித் தேடுகிறேன்.
கொட்டகைத் திரையில் இருபதடி நீளம் இருந்த கை.
எங்கள் ஹட்டியின் ஒரே டிவியில்
ஞாயிறு மாலைகளில் விரலளவு.
எந்தப் படமானாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கும்.
கம்பிக்கு அப்பால் மழை.
இப்போது நரம்பு நழுவுகிறது,
சோப்புக்கட்டிக்கு அடியில் சிக்கிய நூலாக.

"தைரியமா குத்துப்பா.
பதினோரு படத்துல ரத்தம் கக்கிச் செத்திருக்கேன்.
கறுப்பு வெள்ளைல அது சாக்லேட் பாகு.
கலர் வந்ததும் ரோஸ் எசன்ஸ்.
சர்க்கரை அப்பவே ஏறியிருக்கணும்."

சிரிக்க வேண்டிய இடம் என்று சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

"ராத்திரிக்கு அப்புறம் எதுவும் சாப்பிடலையே?"
"பச்சைத் தண்ணி கூட இல்ல."
உதட்டோரத்தில் வர்க்கித் துகள்.
நாற்பது படத்தில் நடித்தவர்
இதை அவ்வளவு நன்றாக நடிக்கவில்லை.

முதல் குப்பி நிறைந்து இரண்டாவதை மாட்டும்போது
பால்காரர் வரவில்லை என்பதுபோல் சொன்னார்:
"என் குரல் போன மாசம் செத்துப்போச்சு."

பேசிக்கொண்டிருக்கும் ஒருவர் இப்படிச் சொன்னால்
என்ன பதில் சொல்வது?
ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹேமாம்புஜம்.
இவர் வாயசைத்த எல்லாப் பாட்டும் அந்த அம்மாள்தான்.
நேரில் பார்த்துக்கொண்டது இரண்டே முறை:
ஒரு வெற்றி விழா, ஒரு தபலாக்காரரின் சாவு.
மற்றபடி ஞாயிறுதோறும் ஃபோன்.
முட்டி வலி, பேரன் விசா,
நல்லெண்ணெய் விலை.
"பாட்டைப் பத்திப் பேசினதே இல்ல.
நீ உன் கல்லீரலோட பேசுறியா என்ன?"

டிவியில் அடிவரியாக ஓடியதாம் செய்தி.
அன்றைக்கு இரவுவரை
அந்த அம்மாள் பாடியதையெல்லாம் போட்டார்களாம்.
பாதிக்கு மேல் இவர் முகம்.
துக்கம் விசாரிக்க
குன்னூருக்கு ஒரு ஃபோன் வரவில்லை.
ஏன் வரவேண்டும்? சொந்தமா, பந்தமா?
தீட்டு மூன்று நாளா பத்து நாளா என்று
எந்தப் புரோகிதரிடம் போய்க் கேட்பது?

பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்.

கீழே சாலையில் ஒரு சுற்றுலா வேன்
எருமைக்குப் பயந்து எஞ்சினை அணைத்திருந்தது.
ஸ்பீக்கரை அணைக்கவில்லை.
எனக்கே தெரிந்த பாட்டு.
யாருடையது என்று கேட்க நிமிர்ந்தவன்
கேட்கவில்லை.

அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.
சத்தம் இல்லை.
இரண்டாவது வரி முடிவில்
அந்த அம்மாள் திருட்டுத்தனமாய் ஒரு மூச்சு எடுப்பார்,
உன்னித்தால்தான் கேட்கும்.
அந்த இடத்தில்
இங்கே தொண்டைக்குழி உள்வாங்கியது.

எருமை நகர்ந்திருக்க வேண்டும்.
வேன் கிளம்பி, வளைவு திரும்பி,
சரணத்தின் நடுவில் பாட்டைக் கொண்டுபோய்விட்டது.
உதடுகள் நிற்கவில்லை.
மிச்சச் சரணம் முழுவதையும்
அவசரப்படாமல் முடித்துவிட்டு
"எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கணும்?" என்றார்.
போதும் என்றேன்.

திரும்பும்போது சாலையில் சாணம் மட்டும் புகைந்துகொண்டிருந்தது.
பெட்டிக்குள் ஐஸ்மேல் இரண்டு குப்பி,
இன்னும் வெதுவெதுப்பு.

சாயங்காலம் ஃபோன் செய்து சொன்னேன்:
"இருநூத்தி முப்பத்தொண்ணும்மா. டாக்டரைப் பாத்துடுங்க."
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன்.
வைக்கவில்லை.
உதடு அசைந்திருக்கும்.